போன் இல்லாமலே பாடும் ஹெட்போன்

பாறைக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. கடை சின்னது. கடைக்காரி வெயிலுகந்தாளின் குரல் பெரியது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிறவர்கள், அவள் யாரோடாவது விலை பேசுகிற சத்தம் காதில் விழுந்ததும்தான் "ஊர் வந்துட்டு" என்று எழுந்து பையைத் தேடுவார்கள்.

அவள் பள்ளிக்கூடம் போகாதவள் என்று சொல்லக் கூடாது. போனாள், வாசலில் மாங்காய் விற்றாள். அப்புறம் ரயிலில் ஊக்கு, சீப்பு. சந்தையில் பிளாஸ்டிக் குடம். ஏமாந்து ஏமாந்தே ஏமாறாமல் இருக்கப் படித்தவள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். சொன்ன விலைக்கு ஒரு பொருளை அவள் வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதே, "ரெண்டு பேருக்குச் சேத்து எடுத்தா எவ்வளவு கொறைப்பீரு?" என்று ஐயரைக் கேட்டவள்.

இந்தக் குணத்தால்தான் அந்த மூன்று பேர் அவள் கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடைக்கு ஆள் வேண்டும் என்றதும் சூட்டிகையான ஆட்கள் பலர் வந்தார்கள். சம்பளத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வந்தவர்கள் ஆவுடை, குருவையா, கொம்பையா என்ற அண்ணன் தம்பிகள். மூவருக்கும் நல்ல மீசை. மீசைக்கு மேலே மூக்கு, மூக்குக்கு மேலே கண், கண்ணுக்கு மேலே நெற்றி. நெற்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அவள் விசாரிக்கவில்லை.

"மூணு பேருக்கும் சேத்து ஒரே சம்பளம். சம்மதமா?" என்றாள்.

மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். மூத்தவன் ஆவுடை திரும்பி வந்து தொண்டையைக் கனைத்தான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. மூணு பேருக்கு ஒரு சம்பளம்னா எங்களுக்குக் கட்டாது. ஒரு சம்பளத்துக்கு மூணு பேருன்னா நாளைக்கே வந்துருதோம்."

வெயிலுகந்தாள் கொஞ்சம் யோசிப்பது மாதிரி பாவனை செய்தாள். "சரி போ. உங்க இஷ்டப்படியே ஆகட்டும்" என்றாள். அவளையே பேரத்தில் ஜெயித்துவிட்ட பெருமையில் மூவரும் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருந்த நல்ல குணம் அது ஒன்றுதான். கெட்ட குணமும் அதுவேதான்.

முதல் நாள், "யாரு வந்தாலும் மொதல்ல ஸ்டூல்ல உக்காரச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடையில் ஸ்டூல் ஒன்றுதான். அடுத்த ஆள் வந்ததும் உட்கார்ந்திருந்தவரை எழுப்பினார்கள். அதற்கடுத்த ஆள் வந்ததும் அவரையும் எழுப்பினார்கள். அவள் டீ குடித்துவிட்டு வந்தபோது வாடிக்கையாளர்கள் வரிசையாக நின்று, முறை வைத்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் ஒரு பெரியவர், முழங்கால் வலிக்கு இது தேவலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நிலைமையில்தான் வெயிலுகந்தாள் மதுரைக்குப் போய் வம்பை விலைக்கு வாங்கி வந்தாள்.

மொத்தக்கடை சிக்கந்தர் பாய் ஒரு புதுச் சரக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார். சைக்கிள் கம்பி கனத்தில் வளைந்த ஒரு எவர்சில்வர் பட்டை. இரண்டு முனையிலும் வட்டமாக ஆரஞ்சுப் பஞ்சு. கீழே ஒரு வயர். அவ்வளவுதான்.

"ஹெட்போனு. நம்ம சின்ன வயசுல டேப்புல பாட்டுக் கேக்க மாட்டுவாங்களே, அதே சாடை. இப்பக் காலேஜ் பிள்ளைக இதைத்தான் தேடி அலையுது. காதுக்குள்ள நுழையாது. காதைப் பொத்தாது. காது மேல சும்மா குருவி மாதிரி உக்காந்திருக்கும். பூ வச்ச தலையில மாட்டினாலும் பூ நசுங்காது. சார்ஜ் போட வேண்டாம். தொலைஞ்சு போனா அழவும் வேண்டாம், அம்புட்டுத்தான் விலை."

வெயிலுகந்தாள் எடுத்து மாட்டிப் பார்த்தாள். மாட்டியதே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பத்து வயது குறைந்திருந்தது. மனசுக்குள் ஒரு துள்ளல். முகத்தில் மட்டும் வேப்பெண்ணெய் குடித்த பாவம்.

"பஞ்சுதானே பாய். பஞ்சுக்கா இந்த விலை?"

பேரம் தொடங்கியது. பக்கத்துக் கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டு வந்தார், பேரம் முடியவில்லை. அவர் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தார், அப்போதும் முடியவில்லை. சிக்கந்தர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, உன் வாய்க்கு நான் தாக்குப்பிடிக்க மாட்டேன். ஒரு பந்தயம் வைப்போமா? உங்க ஊருத் தேர் முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் நான் வர்றேன். இந்த லோடுல ஒண்ணுகூட உன் கடையில இருக்கக் கூடாது. எல்லாம் வித்துப் போயிருந்தா நீ ஜெயிச்ச. அடுத்த லோடு நீ சொல்ற விலை. ஒண்ணே ஒண்ணு இருந்தாலும், இனிமே என் கடையில நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் விலை சொல்லுவேன், நீ தலையை ஆட்டிட்டு எடுத்துட்டுப் போகணும். ஆயுசுக்கும்."

வெயிலுகந்தாள் கையிலிருந்த ஹெட்போனைக் கீழே வைத்தாள். கையை வெட்டு, காலை வெட்டு என்றால்கூட ஒரு மாதிரி பேசி விரலோடு முடித்துக்கொள்வாள். பேரம் பேசாமல் வாங்குவதா? அது வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரியல்லவா! ஆனால் கோபக்காரிக்குச் சவால் விட்டால் என்ன ஆகும்? "வாரும் பாய், வாரும். வந்து பாரும்!" என்று மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, லோடை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஊர் வந்து டப்பாக்களை இறக்கியதும் மூன்று பேரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இதுல என் மானமே இருக்கு. டப்பாவைப் பிரிச்சா சரக்கு மதிப்புப் போயிரும். எவன் வந்து கேட்டாலும் பிரிக்காமக் காட்டுங்க."

"சரிக்கா" என்றார்கள் மூவரும் பயபக்தியோடு.

மறுநாள் தையல்கடை முப்பிடாதி வந்தாள். "காதுல ஒரு தடவ வச்சுப் பாக்கட்டுமாண்ணே?"

"தாராளமா" என்றான் குருவையா. ஒரு டப்பாவை அவள் இடது காதில் வைத்து அழுத்தினான். கொம்பையா இன்னொரு டப்பாவை வலது காதில் வைத்து அந்தப் பக்கமிருந்து அழுத்தினான். நடுவில் முப்பிடாதியின் முகம் கொஞ்சம் நீளமானது.

"என்ன கேக்குது?"

"அட்டை சத்தம் கேக்குது."

"அது ஆரம்பம். போகப்போகப் பாட்டு வரும்" என்றான் ஆவுடை.

பாட்டு வருவதற்குள் வெயிலுகந்தாள் வந்துவிட்டாள்.

"ஏலே, ஒங்களைப் பெத்தாங்களா, சந்தையில வாங்குனாங்களா! பிரிச்சுக் காட்டுங்கடா! காட்டுறது என்ன காட்டுறது, நீங்களே ஆளுக்கு ஒண்ணை மாட்டிட்டு நில்லுங்க. பாக்குறவனுக்கு ஆசை வரணும். இதை மாட்டிட்டா வெளிச்சத்தம் ஒண்ணுமே கேக்காது, பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாதுன்னு சொல்லி வில்லுங்க!"

வியாபாரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது சகஜம்தான். காதை மூடாத ஹெட்போனில் இடி என்ன, இட்லி வேகிற சத்தம்கூடக் கேட்கும். ஆனால் அக்கா சொன்னால் சொன்னதுதான். மூவரும் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

சோடாக் கம்பெனி வேலாண்டி வந்தார். "இது என்ன விலைப்பா?"

ஆவுடை மரியாதையாகக் கும்பிட்டான். "கேக்கலைண்ணே."

"என்ன விலைன்னேன்!"

"என்ன விலைன்னு நீங்க கேட்டது எனக்குக் கேக்கலைண்ணே. மாட்டியிருக்கேன்ல."

"கேக்காமத்தான் பதில் சொல்லுதியா?"

ஆவுடைக்கு இது கஷ்டமான கேள்வி. தம்பியைப் பார்த்தான். குருவையா கையை விரித்தான். "நானும் மாட்டியிருக்கேன். நீ என்னைப் பாத்ததே எனக்குக் கேக்கலை."

கொம்பையாதான் மூவரில் படித்தவன். இரண்டாம் வகுப்பைத் தொட்டுவிட்டு வந்தவன். "பதில் சொல்றதுக்கு வாய் போதும்ணே. காது எதுக்கு?" என்றான்.

வேலாண்டி அந்த நியாயத்தைத் தெரு முனை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார். ஹெட்போன் வாங்க மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வெயிலுகந்தாள் தன் போனையே எடுத்து, வயரைச் சொருகி, ஒரு பாட்டை வைத்து, ஆவுடையின் தலையில் மாட்டினாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா? இப்படித்தான் கேக்க வைக்கணும். வயரை எதுலயாவது சொருகினாத்தான் கேக்கும், புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

அவள் அந்தப் பக்கம் போனதும் மூவருக்குள் விவாதம் ஆரம்பித்தது.

"பாட்டு போன்ல இருந்து வருது" என்றான் குருவையா.

"போன்ல காதை வச்சுப் பாத்தேன். சத்தமே இல்ல. பஞ்சுல இருந்துதான் வருது" என்றான் ஆவுடை.

"பஞ்சுல எப்படி வரும்? தலகாணியிலயும்தான் பஞ்சு இருக்கு. உன் தலகாணி பாடுதா?"

"என் தலகாணியில வயர் இல்லியே" என்றான் ஆவுடை. விவாதம் அதோடு முடிந்தது.

தேர் நாள் வந்தது. ஊரே தேர்வீதியில். கடையைத் தேர்வீதிக்குக் கொண்டுபோனால்தான் விற்கும் என்று ஒரு தள்ளுவண்டியில் சரக்கை ஏற்றி, மூன்று பேரையும் அங்கே நிறுத்தினாள். தரை வாடகை வசூலிக்கிறவர் வந்தார். விலை சொன்னார். வெயிலுகந்தாளுக்கு அந்த விலை காதில் விழுந்ததும் ரத்தம் கொதித்தது.

"மண்ணுக்கா வாடகை? நடங்க, உங்க ஆபீசுக்கே வாறேன், பேசித் தீப்போம்!" என்று சேலையைச் சொருகிக்கொண்டு கிளம்பினாள். கிளம்புமுன் திரும்பி ஒரு உத்தரவு போட்டாள்.

"போனை நான் எடுத்துட்டுப் போறேன். போன் இல்லைன்னு ஒரு ஆளையும் சும்மா அனுப்பிராதீங்க. மாட்டிவிட்டு, வயரை எங்கயாவது சொருகி, கேக்க வச்சுத்தான் அனுப்பணும். அதுவும், நாளைக்குச் சாயங்காலம் பாய் வரும்போது ஒண்ணுகூட இருக்கக் கூடாது!"

போய்விட்டாள். மூவரும் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே சொருகுவது என்று பார்த்தார்கள்.

குருவையா ஒரு வாழைப்பழத்தில் சொருகினான். "பழ வாசனைதான் வருது" என்றான். கொம்பையா இளநீரில் சொருகினான். வயர் வழியாகத் தண்ணீர் வரவில்லை என்று அதையும் விட்டான். ஆவுடை கடைசியில் தன் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத் தேர் வடம் பிடித்தார்கள். தவில் அதிர்ந்தது. நாதஸ்வரம் எழும்பியது.

ஆவுடையின் கண்கள் விரிந்தன.

"தம்பி! பாடுது!"

"என்ன பாடுது?"

"நாதஸ்வரம். கூடவே தவிலு. அய்யோ, பலூன்காரன் பீப்பிகூட வருதுடா!"

குருவையாவுக்கு லேசாகச் சந்தேகம். "அது தேர்ல வாசிக்கிறாங்கல்லா?"

ஆவுடை தம்பியைப் பரிதாபமாகப் பார்த்தான். "மாட்டினா வெளிச்சத்தம் கேக்காதுன்னு அக்கா சொல்லுச்சா இல்லியா?"

"சொல்லுச்சு."

"எனக்கு மேளம் கேக்குதா இல்லியா?"

"கேக்குதுன்னு சொல்லுதே."

"அப்ப மேளம் உள்ளயிருந்துதானே வருது!"

இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? மற்ற இருவரும் மாட்டி, சட்டைப் பையில் சொருகிப் பார்த்தார்கள். பாடியது. போன் இல்லை, கரண்ட் இல்லை, பாடியது! மூவரும் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். குதித்துக்கொண்டே கூவினார்கள்: "போன் இல்லாமலே பாடும் ஹெட்போன்! சட்டைப் பை இருந்தாப் போதும்! சட்டை இல்லாதவங்க இடுப்புல சொருகலாம்!"

பாறைக்கோட்டை ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிரித்துக்கொண்டு சொன்னால் எதையும் நம்ப மாட்டார்கள். சிரிக்காமல் சொன்னால் எதையும் நம்புவார்கள். இந்த மூவரும் சிரிக்கவே இல்லை.

ஒருத்தர் மாட்டினார். "யப்பா, எவ்வளவு துல்லியம்! பக்கத்துல நின்னு வாசிக்கிற மாதிரியே இருக்கு!" என்றார். பக்கத்தில் நின்றுதான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து நாலு பேர் மாட்டினார்கள். அதைப் பார்த்துக் கூட்டம் நெருக்கியது. காது நோகாமல், தலை கனக்காமல், பூ நசுங்காமல், விலையும் கையைக் கடிக்காமல் இப்படி ஒரு சாமானா என்று பெண்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். ஆரஞ்சு நிறம் தேர்ச் சீலைக்குப் பொருத்தமாக வேறு இருந்தது.

சோடாக் கம்பெனி வேலாண்டி மட்டும் லேசில் மசியவில்லை. மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"ஏப்பா, கழட்டின பெறகும் கேக்குதே?"

"அது மிச்சம்ணே" என்றான் கொம்பையா. "கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவின பிறகும் கையில மணக்குதில்லா? அது மாதிரி காதுல கொஞ்ச நேரம் நிக்கும்."

"மாட்டுறதுக்கு முன்னாலயும் கேட்டுச்சே?"

"பக்கத்துல இத்தனை பேரு மாட்டியிருக்காங்கல்லா. அதுல இருந்து சிந்துறது."

வேலாண்டி வெகுநேரம் யோசித்தார். பிறகு இரண்டு வாங்கினார். சிந்துவதை வீணாக்கக் கூடாது என்று மனைவிக்கும் ஒன்று.

வெயிலுகந்தாள் தரை வாடகையைப் பாதிக்குப் பாதியாக அடித்துப் பேசி முடித்துவிட்டு வெற்றியோடு திரும்பினாள். தேர் நிலைக்கு வந்துவிட்டது. தள்ளுவண்டி காலி. டப்பாக்கள் காலி. நடுவில் மூன்று பேர், தாங்களும் ஆளுக்கு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு, மீசையை முறுக்கியபடி நின்றார்கள்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. டப்பாவுக்குள் கை விட்டுத் தடவிப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு நடுத்தெருவில் சேலைத் தலைப்பை வீசிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டாள். "பாய்! வாரும் பாய்! என் வாயையா கட்டப் பாத்தீரு!" மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு பாக்கெட் மிக்சர் வாங்கிக் கொடுத்தாள். விலை பேசித்தான் வாங்கினாள் என்றாலும், கொடுத்தாள்.

மிக்சரைத் தின்றுகொண்டே ஆவுடை நடந்ததைச் சொன்னான். கேட்கக் கேட்க அவள் ஆட்டம் மெதுவானது. பிறகு நின்றது. பிறகு அப்படியே தள்ளுவண்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் பயந்தது நடந்தது. கடை திறக்கும் முன்பே கூட்டம். எல்லார் தலையிலும் ஆரஞ்சுப் பஞ்சு.

"என்னம்மா இது! நேத்து மேளமும் தாளமுமாப் பாடுச்சு. இன்னைக்கு என் மாமியார் மட்டும்தான் பாடுது. அதுவும் ஒரே பாட்டு!" என்றாள் முப்பிடாதி.

"எனக்குக் காக்காய் மட்டும் வருது" என்றார் ஒருத்தர்.

"எனக்கு அதுகூட இல்ல. ஒரு காதுல குழாய்ச் சொட்டு. இன்னொரு காதுல குறட்டை. காசைத் திருப்பிக் குடு, சாமானை வச்சுக்கோ" என்றார் வேலாண்டி, இரண்டையும் நீட்டி.

வெயிலுகந்தாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒன்றை வாங்கிக் கடையில் வைத்தாலும் போச்சு. சாயங்காலம் பாய் வந்துவிடுவார். ஆயுசுக்கும் வாய்ப்பூட்டு.

"யோவ், போன்ல சொருகுய்யா! போன்ல சொருகினாப் பாடும்!"

"போன்ல சொருகினாப் பாடும்னு எனக்குத் தெரியாதா?" என்று வேலாண்டி எகிறினார். "அப்படி எல்லா ஹெட்போனும்தான் பாடும். போன் இல்லாமப் பாடும்னுதானே இதை வாங்கினேன்!"

கூட்டம் ஆமோதித்தது. வெயிலுகந்தாள் பின்னால் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மூன்று பேரும் ஒதுங்கி நின்று ஆலோசனை நடத்தினார்கள்.

"நேத்துப் பாடுச்சு, இன்னைக்குப் பாடலை. நேத்து என்ன இருந்துச்சு, இன்னைக்கு என்ன இல்லை?" என்றான் ஆவுடை.

"பஞ்சுமிட்டாய்க்காரன் இல்லை" என்றான் குருவையா.

"தேர் இல்லை" என்றான் கொம்பையா. "சைக்கிள் சக்கரம் சுத்தினா லைட் எரியுது. தேர்ச் சக்கரம் எம்மாம் பெரிசு! அது சுத்தினதுல ஊருக்கே சார்ஜ் ஏறியிருக்கு."

மூவரும் ஓடினார்கள். நிலையில் நின்ற தேரின் வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். தேர் அசையவில்லை. கோயில் காவலாளி அசைந்தார். அவர் கையில் இருந்த கம்பும் அசைந்தது. போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தார்கள்.

கடைசியில் குருவையா ஒரு காலி எண்ணெய்த் தகரத்தை எடுத்து ஓங்கித் தட்டினான்.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்றது கூட்டம். எல்லாரும் அவசரமாக வயரைப் பையில் சொருகினார்கள். கொஞ்ச நேரம் கேட்டார்கள். முகம் சுளித்தார்கள்.

"ஒரே கரகரப்பா இருக்கே. வேற ஸ்டேஷன் மாத்துப்பா."

வெயிலுகந்தாள் அதுவரைக்கும் பொறுத்ததே பெரிது. மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்த கோபம் வாயில் இறங்கிவிட்டது.

"ஸ்டேஷனா மாத்தணும்? நாசமாப் போற பயலுகளா! ஏலே ஆவுடை, ஒன் மீசைக்கு வச்ச எண்ணெயில கொஞ்சம் மண்டைக்கு வச்சிருந்தா இந்தக் கதி வருமா? தகரம் தட்டுறான் பாரு, தகரம்! ஒங்க மூணு பேரு மூளையையும் பிழிஞ்சு எடுத்தா ஒரு கொசுவுக்குக் காலைச் சாப்பாடு காணாது! ஒரு சம்பளத்துக்கு மூணு பேரா வந்தீங்களே, மூணு பேருக்கும் சேத்து ஒரு புத்தியாவது கொண்டு வந்தீங்களாடா..."

கூட்டம் கடைப்பக்கம் நெருங்கியது. ஒவ்வொருவராக ஹெட்போனைக் காதில் நன்றாகப் பொருத்திக்கொண்டார்கள். முகங்களில் ஒரு பரவசம்.

"இதான்யா ஸ்டேஷன்!" என்றார் வேலாண்டி மெல்ல. "எழுத்தெழுத்தாக் கேக்குது."

"பேர் சொல்லித் திட்டுது! நேத்து மேளத்தைவிட இது தேவலைண்ணே" என்றாள் முப்பிடாதி.

வெயிலுகந்தாள் திகைத்துப்போய் நிறுத்தினாள்.

"கட்டாயிருச்சு!" என்று கூட்டம் கத்தியது. வேலாண்டி மறுபடி இரண்டையும் கழற்றி நீட்டினார்.

வேறு வழி? திட்டினாள். விடாமல் திட்டினாள். பிறந்ததிலிருந்து "வாயை மூடு, வாயை மூடு" என்றே கேட்டு வளர்ந்தவளை, ஊரே சுற்றி உட்கார்ந்து "இன்னும், இன்னும்" என்றது. மூன்று பேரைத் திட்டி முடித்து, தரை வாடகைக்காரரைத் திட்டினாள். ரயிலில் ஊக்கு வாங்கிவிட்டு மிச்சக் காசு தராமல் இறங்கிப் போனவனைத் திட்டினாள். மழையைத் திட்டினாள், மழை பெய்யாததையும் திட்டினாள். ஜனங்கள் வீட்டிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். கொம்பையா நடுநடுவே அவளுக்குச் சுக்குத் தண்ணீர் கொடுத்தான். "இப்ப ஒரு சின்ன இடைவேளை" என்று கூட்டத்துக்கு அறிவித்தான்.

வெயில் சாய்ந்தபோது சிக்கந்தர் பாய் பஸ்ஸிலிருந்து இறங்கினார். சந்தோஷமாகத்தான் வந்தார். கடை வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள். எல்லார் தலையிலும் அவருடைய ஹெட்போன். எல்லார் வயரும் சட்டைப் பையில். எல்லாரும் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கடையில ஒண்ணு இருந்தாலும் பந்தயம் தோல்வின்னு சொன்னேன். இங்க இத்தனை இருக்கே?" என்றார்.

"கடையில இல்ல பாய். தலையில இருக்கு" என்றான் ஆவுடை.

பாய் ஒரு பெஞ்சில் இருந்த பையனிடம் குனிந்து கேட்டார். "நல்லாக் கேக்குதா தம்பி?"

"ஷ்ஷ்" என்றான் அவன். "புது ஆள் ஒருத்தர் பேச வந்திருக்காரு. கேக்க விடுங்க."

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. சரக்கு விற்றுவிட்டது, வாங்கினவர்கள் கழற்றக்கூட மனசில்லாமல் இருக்கிறார்கள் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. பெருமூச்சு விட்டார்.

"ஜெயிச்சுட்டம்மா நீ. அடுத்த லோடுக்கு விலையைச் சொல்லு."

காலையிலிருந்து கத்திய தொண்டை. அந்த ஒரு வார்த்தையில் புது ரத்தம் ஊறியது. அவள் ஒரு விலை சொன்னாள். பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீ சொன்ன விலைன்னு வாக்குக் கொடுத்தேன்தான். அதுக்காக இப்படியாம்மா! எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"பிள்ளைகுட்டியையா பாய் விலை பேசுதேன்? பஞ்சைத்தானே பேசுதேன்!"

பெஞ்சுகளில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. இன்றைக்குக் கேட்டதிலேயே இதுதான் உச்சம். பாய் கெஞ்சினார், அவள் குறைத்தாள். பாய் சத்தியம் செய்தார், அவள் இன்னும் குறைத்தாள். பேரம் முற்றியதும் பாய் வியாபாரிகள் வழக்கப்படி குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு விலையை முணுமுணுத்தார்.

"யோவ், அந்த ஆம்பிளைக் குரல் கொறைஞ்சிருச்சு! கூட்டி வையுப்பா!" என்று பின்னாலிருந்து வேலாண்டி கத்தினார்.

குருவையாவும் கொம்பையாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, பாயை ஸ்டூலோடு தூக்கி, முதல் பெஞ்சுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.

"இப்பத் தெளிவா இருக்கு" என்றார் வேலாண்டி. "ஆனா அந்தம்மா காதைக் கிழிக்குது. கொஞ்சம் கொறைங்க."

ஆவுடை திரும்பி அக்காவைப் பார்த்தான். அக்கா இடுப்பில் கை வைத்து, உலகத்திலேயே அவளுக்குப் பிடித்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவளைக் குறைக்கிற துணிச்சல் அவனுக்கு இல்லை. ஆகவே கூட்டத்தை எழுப்பி, பெஞ்சுகளைத் தூக்கி, பாயையும் ஸ்டூலோடு தூக்கி, எல்லாரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். வெயிலுகந்தாள் இந்தப் பக்கம் நின்று விலை கேட்டாள். பாய் அந்தப் பக்கம் இருந்து விலை சொன்னார். அளவு கச்சிதம்.

அப்போதுதான் இரைச்சலோடு டவுன் பஸ் வந்து நடுவில் நுழைந்தது. கூட்டம் தலையில் கை வைத்துக்கொண்டு அலறியது.

கொம்பையா ரோட்டின் நடுவில் பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து பஸ்ஸை நிறுத்தினான். டிரைவர் பக்கம் போய், ஹெட்போனைக் கழற்றாமலே, மிகவும் பணிவாகச் சொன்னான்:

"அண்ணே, உங்க ஸ்டேஷன் எங்க ஸ்டேஷன் மேல ஏறுது. கொஞ்சம் வேற நம்பர்ல வச்சு ஓட்டுங்க."